கண்டெய்னருக்குள் வைத்தது

காலி கண்டெய்னர் வந்தால் யாராவது ஒருவர் உள்ளே போய் நிற்க வேண்டும். வெளியே நிற்பவர் இரண்டு கதவுகளையும் இழுத்துச் சாத்த வேண்டும். உள்ளே இருப்பவர் கண்ணுக்கு எங்காவது ஊசிமுனை வெளிச்சம் தெரிந்தால் அங்கே ஓட்டை. ஓட்டை இருந்தால் மழை வரும், கடல் வரும். புனிதா இதை யூடியூப் பார்த்துத் தெரிந்துகொண்டிருந்தாள்.

"நான் போறேன்" என்றான் அவள் கணவன் முகுந்தன்.

"நீங்க வேணாம். வெல்டிங் அடிச்சி அடிச்சி உங்க கண்ணுக்கு எல்லா எடத்துலயும் வெளிச்சம் தெரியும்."

கைப்பையைத் தோளில் மாட்டியபடியே ஏறினாள். அன்று விடிந்ததும் மாரியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராகப் பட்டறைக்கு வந்திருந்தாள். நெற்றியில் குங்குமம் இன்னும் உதிர்ந்துகொண்டிருந்தது.

"அக்கா, மூச்சு முட்டுனா தட்டுங்க லா" என்றான் லோரிக்காரன் பாலன், கதவைத் தள்ளிக்கொண்டே. "நான் பாட்டுக்கு தே தாரிக் குடிக்கப் போயிட்டேன்னா கேக்காது."

கதவு மூடியது. வெளியே பாலனும் முகுந்தனும் நின்றார்கள். கொஞ்ச நேரம் ஆயிற்று. ஓட்டை பார்க்க இவ்வளவு நேரம் ஆகாது. பாலன் முஷ்டியால் இரும்பில் தட்டினான்.

"உள்ள என்னாக்கா, குடித்தனம் வச்சிட்டீங்களா?"

"தொற, தொற. ஓட்டை இல்ல" என்று குரல் வந்தது.

வெளியே குதித்தவள் யார் முகத்தையும் பார்க்காமல் புடவையைத் தட்டிக்கொண்டாள். "போன ட்ரிப் வெங்காயம் ஏத்திருக்கான். மூலையெல்லாம் தோலு. ரஃபீக், வேக்கம் எடுத்துக்கிட்டு வா. ஒரு தோல் இருக்கக்கூடாது, ஒண்ணு கூட."

கிள்ளானை ஒட்டிய மேருவில் பிளாஸ்டிக் கம்பெனிகளுக்கும் மர ஆலைக்கும் நடுவே ஒரு சந்து. சந்தின் கடைசியில் அவர்கள் பட்டறை. உணவுக்கடைச் சமையலறைக்கு வேண்டிய எவர்சில்வர் மேசைகள், தொட்டிகள், அலமாரிகள். முகுந்தன் வெட்டி ஒட்டுவான். பங்களாதேஷிலிருந்து வந்து ஆறேழு வருடத்தில் தமிழும் மலாயும் கலந்து பேசக் கற்றுக்கொண்ட ரஃபீக் தேய்த்து மெருகு ஏற்றுவான். தங்கமணி அக்கா துடைத்து, நுரைத்தாள் சுற்றி, அட்டையில் கட்டுவார். மற்றதெல்லாம் புனிதா. ஃபோன், பில், சண்டை, கெஞ்சல்.

இத்தனை வருடமும் அவர்கள் சாமான் வெளிநாடு போகாமல் இல்லை. பூச்சோங்கில் ஒரு வியாபாரி வாங்கி, தன் கம்பெனி ஸ்டிக்கரை ஒட்டி, உள்ளூரிலும் விற்று, சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் அனுப்பிக்கொண்டிருந்தார். முகுந்தனுக்கு ஒரு பழக்கம். மேசையைக் கவிழ்த்துப் போட்டு, அடிப்பக்கம் ஒரு மூலையில், ஸ்டிக்கர் போகாத இடத்தில், உளியால் 'எம் பி' என்று இரண்டு எழுத்துக் குத்திவிடுவான். முகுந்தன், புனிதா. யாரும் பார்க்கப் போவதில்லை என்றுதான் குத்தினான்.

பார்த்தவர் ஜெயந்திரன். பிரிக்பீல்ட்ஸில் பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்துக் குடும்பம், இப்போது ஆஸ்திரேலியாவில் பெர்த்தில் சமையலறைச் சாமான் கடை. ஒரு கல்யாணத்துக்காக பிரிக்பீல்ட்ஸ் வந்தவர், விருந்து முடிந்ததும் மண்டபத்துச் சமையல்கட்டுக்குள் போய், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேசைக்கு அடியில் படுத்துவிட்டார். சொந்தக்காரர்கள் மயக்கம் என்று பயந்தார்கள். அவர் ஃபோன் வெளிச்சத்தில் அந்த இரண்டு எழுத்தைப் படித்துக்கொண்டிருந்தார். விசாரித்து விசாரித்து அடுத்த வாரம் மேருவுக்கே வந்துவிட்டார்.

அதன் பலன்தான் இந்தக் கண்டெய்னர். முதல் தடவையாக, நடுவில் யாரும் இல்லாமல், அட்டைப்பெட்டியில் அவர்கள் பெயரே அச்சடித்து. இது ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் வருடத்துக்கு நாலு. சேராவிட்டால் மறுபடி பூச்சோங்.

ஜெயந்திரன் ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். "புனிதா, இஞ்ச துறைமுகத்தில சோதிக்கிறவங்கள் சாமானைவிட பெட்டியைத்தான் கூடப் பாப்பாங்கள். ஒரு இலை, ஒரு விதை, ஒரு பிடி மண் கிடந்தாலும் முழுப் பெட்டியையும் மறிச்சுப் போடுவாங்கள். பிறகு என்ர பேரில வாற ஒவ்வொரு பெட்டியையும் திறப்பாங்கள். விளங்குதோ?"

விளங்கியது. உள்ளே இலை, விதை, மண் எதுவும் இல்லை என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டதும் அவள்தான். அதனால் சாமான் ஏற்றுவதற்கு முன் எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்தாள்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. பூசை வெளிய. சூடம் வெளிய, தேங்கா ரோட்டுல, எலுமிச்சம்பழம் டயருக்கு அடியில. அவ்ளோதான். கண்டெய்னருக்குள்ள பூ, பழம், அரிசி எதுவும் போகக்கூடாது. விபூதி கூட வேணாம்."

"விபூதி சாம்பல்தானே மா" என்றார் தங்கமணி.

"வேணாம்னா வேணாம்கா. ரஃபீக், வாயில என்னா?"

"வெத்தலை கா."

"வெளிய போய் துப்பிட்டு, வாய் கொப்பளிச்சிட்டு வா. சப்பாத்து அடிய தேச்சிட்டு உள்ள ஏறு."

"சாமிகூட இவளைக் கேட்டுட்டுத்தான் உள்ள ஏறணும் போல" என்று முகுந்தன் பாலனிடம் முணுமுணுத்தான். அவள் காதில் விழுந்தது. விழுந்தும் பேசாமல் இருந்தாள். அது அவள் வழக்கமில்லை.

மதியம் வரை ஏற்றினார்கள். பக்கத்துப் பட்டறைச் சீனரிடம் ஃபோர்க்லிஃப்ட் இரவல். மேசைமேல் மேசை கவிழ்த்து, கால்களுக்கு நடுவில் தொட்டி செருகி, கூரை வரைக்கும் விரல் நுழைய இடமில்லாமல் முகுந்தன் அடுக்கினான். உள்ளே அடுப்புக்குள் இருப்பது போலச் சூடு. ரஃபீக்கின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. புனிதா மட்டும் நிற்காமல் நடந்தாள். ஃபோர்க்லிஃப்ட்டுக்கும் வாசலுக்கும், வாசலுக்கும் கண்டெய்னருக்கும். ஃபோனை எடுப்பாள், பார்ப்பாள், பைக்குள் வைப்பாள், மறுபடி எடுப்பாள். முதல் வரிசை ஏறும்போது ஒரு தடவை உள்ளே எட்டிப் பார்த்து வாயைத் திறந்தாள். "என்னா?" என்றான் முகுந்தன். "ஒண்ணுமில்ல, அடுக்குங்க" என்று இறங்கிப் போய்விட்டாள்.

கடைசி அட்டை ஏறியதும் கதவு மூடி சீல் போட்டார்கள். ஆணி மாதிரி ஒரு இரும்பு, தலையில் நம்பர். ஒருமுறை அழுத்திவிட்டால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். தேங்காய் ரோட்டில் சிதறியது. டயருக்கடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியது. பாலன் ஹார்ன் அடித்துக்கொண்டு கிளம்பினான். சாயங்காலம் ஆறு மணிக்குள் போர்ட் கேட்டுக்குள் போய்விட வேண்டும். ஏகப்பட்ட நேரம் இருந்தது.

சாப்பிட உட்கார்ந்தார்கள். தங்கமணி வீட்டிலிருந்து கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்திருந்தார். புனிதா மட்டும் நின்றுகொண்டே பிசைந்தாள்.

"உக்காந்து சாப்புடு மா. ஒண்ணும் ஆகாது" என்றார் தங்கமணி. "நல்லபடியா போய்ச் சேரும். நான் ஆத்தாகிட்ட சொல்லி முடிச்சு போட்டுட்டேன்."

"எங்க போட்டீங்க? வீட்லயா?"

"உள்ள."

புனிதாவின் கை சோற்றில் நின்றது. "எதுக்குள்ள கா?"

"பெட்டிக்குள்ளதான். கடைசி மேசைக் கால்ல. சின்னதுதான் மா, மஞ்சத்துணி. கொஞ்சம் பச்சரிசி, ஒரு மஞ்சக் கிழங்கு, அம்பது காசு."

"அக்கா!"

"நீ பூ, பழம், அரிசின்னு சொன்ன. நான் அரிசிய உதிரியா போடல. துணியில கட்டித்தான் வச்சேன்."

முகுந்தன் சிரிக்கப் போனான். புனிதாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். அவள் அதற்குள் எச்சில் கையோடு ஃபோனில் இருந்தாள்.

"பாலன், எங்க இருக்க?"

"இப்பதான் கா கடையில ரோட்டி சானாய்க்குச் சொன்னேன். ஏன்?"

"திரும்பி வா."

"அலமாக். எதை மறந்தீங்க?"

"மறக்கல லா. கூட வச்சிட்டோம். வா."

பாலன் திரும்பி வந்தபோது வானம் காப்பார் பக்கமாகக் கறுத்திருந்தது. அதற்குள் புனிதா கப்பல் வேலை பார்க்கும் ஃபார்வர்டர் ஆபீஸுக்கு ஃபோன் போட்டு, சீலை வெட்டப் போகிறோம், புது நம்பர் தருகிறோம் என்று சொல்லியிருந்தாள். அங்கே இருந்த பெண், "சீக்கிரம் சொல்லுங்க அக்கா, கேட் டைம் மாறாது" என்று மட்டும் சொன்னாள்.

முகுந்தன் கட்டரால் வெட்டினான். கதவு திறந்தது. தங்கமணியின் முடிச்சு சொன்ன இடத்திலேயே இருந்தது. அழகாக, குழந்தைக்கு இடுப்பில் கட்டுவது மாதிரி கட்டியிருந்தார். புனிதா அவிழ்த்தாள். அப்படியே குனிந்து கதவு ஓரத்தைப் பார்த்தவள் நிமிரவில்லை.

"இது என்னா?"

குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம். கதவுக்கும் அட்டைக்கும் நடுவில்.

முகுந்தன் வானத்தைப் பார்த்தான்.

"மழை வரும் போல" என்றான்.

"ஏங்க, இது என்னான்னு கேட்டேன்."

"டயருக்கு வச்சது... உருண்டு போயிருக்கும்."

"உருண்டு? கீழ இருந்து நாலடி மேல ஏறி, உள்ள போய், கதவையும் சாத்திக்கிச்சா?"

பாலன் பின்பக்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தான். ரஃபீக் தன் கைகளை விரித்துக் காட்டினான். "நா வைக்கல கா. நா துப்பிட்டேன்."

"முதல் லோட் லா" என்றான் முகுந்தன், குரல் இறங்கி. "பயமா இருந்திச்சி. ஒரே ஒரு பழம்."

"ஒரே ஒரு விதைக்கே நிறுத்துவாங்கன்னு எத்தனை தடவ சொன்னேன்? இதுக்குள்ள எத்தனை விதைங்க இருக்கு?"

"சரி, எடுத்தாச்சுல்ல. விடு. பாலன், புது சீல் குடு."

பாலன் சீலை நீட்டினான். நேரம் தாராளமாக இருந்தது. தங்கமணி முடிச்சை இடுப்பில் செருகிக்கொண்டார். "அவ்ளோதானே மா. மூடுங்க, மூடுங்க. மழைக்கு முன்னாடி போகட்டும்."

முகுந்தன் ஒரு கதவைத் தள்ளினான். இரண்டாவது கதவு நகரவில்லை. புனிதா அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கைய எடு, நசுங்கிடும்."

"இன்னொண்ணு இருக்கு."

"என்னா இன்னொண்ணு?"

"முன்னாடி. லோரித் தலைப்பக்கம், அந்தக் கடைசியில. வலது பக்கம் மேல ஒரு கொக்கி இருக்குல்ல, கயிறு கட்டறது. அதுல வேப்பிலை கட்டிருக்கு."

"யாரு கட்டுனது?"

அவள் தலை குனிந்துகொண்டாள். மரஆலையிலிருந்து ரம்பச் சத்தம் வந்துகொண்டிருந்தது.

முகுந்தனுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. "நீயா?"

"காலையில. ஓட்டை பார்க்கப் போனப்ப."

"நீயா?" என்றான் மறுபடி. "எங்களை வரிசையில நிக்க வச்சி கத்துன?"

"ஆமா."

"ரஃபீக்கை வாய் கொப்பளிக்க வச்ச?"

"ஆமாங்க."

"என்னை இப்ப, இத்தனை பேர் முன்னாடி, பழத்துக்குக் காலு முளைச்சிதான்னு..."

"நீங்க கதவைச் சாத்துனதும் ஒண்ணுமே தெரியல" என்றாள் அவள். கதவின் இரும்புக் கம்பியைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "என் கையே எனக்குத் தெரியல. இது இப்படியே பூட்டி, கடல்ல, நம்ம ஆளு ஒருத்தர் கூட இல்லாம தனியா போகும்னு தோணுச்சி. பையில கோயில் வேப்பிலை இருந்திச்சி, மஞ்சக் கயிறு இருந்திச்சி. தடவித் தடவிக் கட்டிட்டேன். ஏத்தும்போது எடுத்துடலாம்னு நெனச்சேன்."

"அப்புறம் மறந்துட்டியா?"

"மறக்கல. முதல் வரிசை ஏத்தறப்ப பார்த்தேன். எடுக்க மனசு வரல."

முதல் துளி கண்டெய்னர் கூரையில் விழுந்தது.

"விட்டுடு" என்றான் முகுந்தன் கடைசியில். "ரெண்டு கொத்து இலை. அதுக்குள்ள காஞ்சி, கொக்கியோட ஒட்டிக்கிட்டுக் கிடக்கும். பெர்த்ல ஜெயந்திரன் அண்ணன் எறக்கும்போது பிச்சிப் போட்டுடுவாரு. ஒரு ஃபோன் போதும்."

"அவரு கடைக்குப் போறதுக்கு முன்னாடி போர்ட்லயே அவங்க தொறந்தா?"

"எல்லா பெட்டியையுமா தொறப்பான்?"

"புதுக் கம்பெனி பெட்டியத்தான் முதல்ல தொறப்பானாம். அண்ணன் சொல்லிருக்காரு."

"தொறந்தா தொறக்கட்டும் லா! எல்லாத்தையும் எறக்கி மறுபடி ஏத்த இருட்டிடும். கப்பல் போயிடும். அது உனக்குப் பரவாயில்லையா?"

"பரவாயில்லன்னு யாரு சொன்னா?"

"பாஸ்" என்றான் பாலன். "நடுவுல பூந்து போக முடியாதா?"

முகுந்தனே அடுக்கியது. எலிகூடப் போகாது. இருந்தாலும் ரஃபீக் ஒரு நீளமான அலுமினியக் கம்பின் நுனியை வளைத்துக்கொண்டு மேலே ஏறினான். கூரைக்கும் அட்டைக்கும் நடுவில் கம்பை விட்டுத் துழாவினான். இரண்டாவது வரிசையில் முட்டியது. வேறு பக்கம் விட்டான். அங்கேயும் முட்டியது.

"பாஸ் ரொம்ப நல்லா அடுக்கிட்டாரு கா" என்றான் உள்ளேயிருந்து.

மழை கொட்ட ஆரம்பித்தது. கிள்ளான் மழை. வெயில் இருந்த இடமே தெரியாமல், சந்து முழுக்க ஒரே வெள்ளையாக. பாலன் ஓடிப்போய் லோரியை ரிவர்ஸ் எடுத்து, கண்டெய்னரின் வாயைப் பட்டறைக் கூரைக்குள் நுழைத்து நிறுத்தினான். தகரக் கூரைச் சத்தத்தில் பேசியது யாருக்கும் கேட்கவில்லை. புனிதா ஃபோனை எடுத்துக்கொண்டு பட்டறையின் பின்மூலைக்குப் போனாள். முகுந்தன் பின்னாலேயே போனான்.

"யாருக்கு?"

"அவருக்குத்தான்."

"சொன்னா ஆர்டரையே வேணாம்னுடுவாரு, புனி."

"சொல்லாம போய் அங்க மாட்டுனா?"

அவள் உடனே அழுத்தவில்லை. பெயரைத் திரையில் வைத்துக்கொண்டு பெருவிரலை மேலே தூக்கி வைத்திருந்தாள். பிறகு அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஓம் புனிதா, சொல்லுங்கோ. பெட்டி உள்ள போயிட்டுதோ?"

"இல்லண்ணே. இங்கதான் இருக்கு."

"ஏன், என்ன சத்தம் அது?"

"மழைண்ணே. அண்ணே... உள்ள வேப்பிலை இருக்கு."

"என்னது?"

"வேப்பிலை. கட்டிருக்கு. முன்னாடி கடைசியில."

முகுந்தன் கண்ணை மூடிக்கொண்டான்.

"ஆர் கட்டினது?"

"நான்தாண்ணே."

"நீங்களோ?" குரல் உயர்ந்தது. "வேலைக்காரர் ஆரும் எண்டால் எனக்கு விளங்கும். நான் சொல்லச் சொல்ல ஓம் ஓம் எண்டு எழுதி எடுத்த நீங்களோ? ஏன் பிள்ளை இப்பிடிச் செய்தனீங்கள்?"

"தெரியலண்ணே. செஞ்சிட்டேன்."

"எடுக்கலாமோ?"

"எடுக்கலாம். எல்லாத்தையும் எறக்கணும். எறக்குனா இந்தக் கப்பல் போயிடும். எறக்கட்டுமா, அனுப்பட்டுமா, நீங்க சொல்லுங்க. அங்க உங்க பேருதானே."

"என்ர ஆள் ஒருத்தன் அடுத்த மாதம் கடை திறக்கிறான். அந்தத் தேதிக்கு நான் வாக்குக் குடுத்தனான், தெரியுமோ? இப்ப நான் அவனுக்கு வாடகைக்கு மேசை எடுத்துக் குடுக்கோணும். அவன்ர வாயால நல்லாக் கேக்கவும் வேணும்."

"தெரியும்ணே."

பெருமூச்சு ஒன்று கேட்டது. மழையா மூச்சா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"இறக்குங்கோ" என்றார். ஃபோன் அணைந்துவிட்டது. ஆர்டர் உண்டு என்றோ இல்லை என்றோ அவர் சொல்லவில்லை.

புனிதா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கண்டெய்னருக்கு வந்தாள். யாரையும் கூப்பிடவில்லை. கடைசி அட்டையின் ஒரு முனையைத் தானே பிடித்து இழுத்தாள். அது நகரவில்லை. மறுமுனையை முகுந்தன் பிடித்தான். அவளைப் பார்க்காமல், "ஒண்ணு, ரெண்டு..." என்றான். தூக்கினார்கள்.

பாலனுக்குச் சாயங்காலம் வேறு ஒரு பெட்டி எடுக்க வேண்டியிருந்தது. கொஞ்ச நேரம் சீட்டில் உட்கார்ந்து பார்த்தான். பிறகு இன்ஜினை அணைத்துவிட்டு, தன் ஆபீஸுக்கு ஃபோன் போட்டான். "பாஸ், டயர் போச்சி பாஸ். ஆமா, பின்னாடி டயர். கஷ்டம் லா, மழை வேற." ஃபோனை வைத்துவிட்டு, சட்டையைக் கழற்றி ஸ்டியரிங்கில் மாட்டி, உள்ளே ஏறினான்.

"தள்ளுங்கக்கா. நீங்க தூக்குனா கண்ணாடிப் பாத்திரம் தூக்குற மாதிரி இருக்கு."

"உன் வேலை இது இல்ல, பாலன்."

"டயர் பஞ்சர் கா. வேற என்னா வேலை?"

இறக்கினார்கள். ஏற்றும்போது இருந்த ஒழுங்கு இறக்கும்போது இல்லை. பட்டறைத் தரை நிறைந்தது, பிறகு வெல்டிங் மேசை மேல், பிறகு முகுந்தனின் மோட்டார் சைக்கிள் சீட் மேல். ஒரு அட்டை ஈரத்தில் அடி பிய்ந்து, மேசை தரையில் உட்கார்ந்தது. தங்கமணி ஓடிவந்து கன்றுக்குட்டியைத் தடவுவது போலத் தடவிப் பார்த்து, "ஒண்ணும் இல்ல, கீறல் இல்ல" என்றார். கவிழ்ந்து கிடந்த மேசையின் மூலையில் 'எம் பி' தெரிந்தது. முகுந்தன் அதைக் கால் நுனியால் தொட்டுவிட்டு அடுத்த அட்டைக்குப் போனான்.

"ஏன் கா" என்றான் ரஃபீக் ஒரு நடையில், "உங்க ஆத்தா தண்ணிக்குள்ள எல்லாம் வருவாங்களா?"

"வருவாடா" என்றார் தங்கமணி. "அவளுக்கு பாஸ்போர்ட் வேணாம்."

"இலைக்குத்தான் வேணும்" என்றான் பாலன்.

புனிதாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆகி, அவள் முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டாள்.

முதல் வரிசை கடைசியாக வெளியே வந்தபோது உள்ளே மறுபடி இருட்டு. முகுந்தன் ஃபோன் வெளிச்சம் அடித்தான். வலது மூலையில், கொக்கியில், மஞ்சள் கயிற்றில் வேப்பிலை தொங்கியது. வாடியிருந்தது, ஆனால் உதிரவில்லை. இருட்டில் கட்டிய முடிச்சு, அவிழ மறுத்தது. நகத்தால் நோண்டினாள், பல்லால் கடித்தாள். வாயெல்லாம் கசந்தது. ஒருவழியாகக் கையில் வந்ததும் எங்கே போடுவது என்று தெரியாமல் நின்றாள். கீழே போட முடியாது. குப்பையில் போட முடியாது.

"இங்க குடுங்கக்கா" என்றான் பாலன். வாங்கிக்கொண்டு மழையிலேயே ஓடிப்போய் லோரியின் பக்கக் கண்ணாடியில் கட்டினான். "நான் போர்ட் கேட்டு வரைக்கும்தானே போறேன். அதுவரைக்கும் உங்க பெட்டிக்குத் துணைக்கு வரட்டும்."

ஃபார்வர்டர் ஆபீஸிலிருந்து ஃபோன் வந்தது. "கேட் மூடிட்டாங்க அக்கா. அடுத்த கப்பல் அடுத்த வாரம்தான். எழுதிடவா?"

"ஆர்டர் இருக்கான்னு..." என்று இழுத்தவள், முகுந்தனைப் பார்த்தாள். அவன் தலையாட்டினான். "எழுதுங்க" என்றாள்.

மழை விட்டிருந்தது. கூரை விளிம்பில் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. தங்கமணி பூசைத் தட்டில் மிச்சமிருந்த எலுமிச்சம்பழங்களை நறுக்கினார். முகுந்தனின் பழத்தையும் குழாயில் குங்குமம் போகக் கழுவி நறுக்கினார்.

"அது சாமி பழம் கா" என்றான் பாலன்.

"சாமிதான் வேணாம்னு திருப்பி அனுப்பிட்டாள்ல. குடி."

ஐஸ் போட்டு, உப்பு தூக்கலாகப் போட்டுக் கலக்கினார். ஆளுக்கொரு அட்டைமேல் உட்கார்ந்து குடித்தார்கள். புனிதாவும் உட்கார்ந்தாள், அன்றைக்கு முதல் தடவையாக. நாக்கில் வேப்பங்கசப்பு இன்னும் போகவில்லை. முகுந்தன் தன் தம்ளரிலிருந்து ஒரு விதையை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான்.

"எண்ணிக்கோ" என்றான்.

"போங்க."

அவள் ஃபோன் ஒலித்தது. ஜெயந்திரனிடமிருந்து ஒரு குரல் பதிவு. கேட்காமல் கொஞ்ச நேரம் மடியிலேயே வைத்திருந்தாள். எல்லாரும் அதையே பார்த்தார்கள். ரஃபீக் குடிப்பதை நிறுத்திவிட்டான். அழுத்தினாள்.

"புனிதா, அந்தக் கடைக்காரனோட கதைச்சனான். நல்லா ஏசினான். ஏசிப்போட்டு, வரட்டும் எண்டான். அடுத்த கப்பலுக்கு ஏத்துங்கோ. ஏத்தேக்க என்ர பேரிலயும் ஒரு தேங்காய் உடைச்சு விடுங்கோ, பிள்ளை."

முடிந்தது. முகுந்தன் தம்ளரைக் கீழே வைத்தான். பாலன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் இன்னொரு பதிவு வந்து விழுந்தது. புனிதா அழுத்தினாள்.

"வெளியில."